பழைய டிஎஸ்எல்ஆரை எப்போது மாற்றலாம்? தேறாத படங்கள் சொன்ன பதில்

11 ஆண்டுகளாக ஒரே டிஎஸ்எல்ஆரைத்தான் (உள்ளே ஆடி, அதாவது கண்ணாடி, உள்ள, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) வைத்திருக்கிறேன். 12 மெகாபிக்சல், 11 குவியப் புள்ளிகள் (சட்டகத்தில் கேமரா தெளிவைப் பிடிக்கக்கூடிய இடங்கள்), வினாடிக்கு நாலரைப் படம். கட்டைவிரல் படும் இடத்தில் ரப்பர் வழவழத்துவிட்டது; மெனு பொத்தானின் எழுத்து தேய்ந்தே போய்விட்டது. ஆனால் ஒரு நாள்கூட மக்கர் செய்ததில்லை. கெட்டுத் தொலைந்திருந்தால் யோசிக்காமல் மாற்றியிருப்பேன். கெடாததால்தான் இந்தக் கேள்வி இத்தனை ஆண்டு இழுத்துக்கொண்டே வந்தது.

புதிய கேமராக்களின் விவர அட்டவணையைப் படிக்க உட்கார்ந்தால் எல்லாமே தேவை என்றுதான் தோன்றும். அதனால் அட்டவணையை மூடிவிட்டு, கணினியில் 'தேறாதவை' என்று பெயரிட்டு வைத்திருக்கும் கோப்புறையைத் திறந்தேன். அழிக்க மனம் வராமல் தள்ளிவைத்த சில நூறு படங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, ஒவ்வொன்றும் ஏன் தேறவில்லை என்று காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன்.

மெகாபிக்சல் போதாமல் வீணான படம் ஒன்றுகூட இல்லை. 30 செ.மீ. அகலத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அச்சிடச் சுமார் 3,550 பிக்சல் போதும். என் கேமரா 4,288 தருகிறது. 12இலிருந்து 24 மெகாபிக்சல் என்றால் இரட்டிப்பு என்று காதில் விழுகிறது. அது பரப்பில். அகலத்தில் கூடுவது 1.4 மடங்குதான். தொலைவில் இருக்கும் பறவையைச் சுற்றி வெட்டியெடுப்பவர்களுக்கு அது பயன்படும். எனக்கோ கோப்புகள் பெருத்து, ஏற்கெனவே திணறும் கணினி இன்னும் திணறும்.

காகிதத்தில் நீளமாக வளர்ந்தது 'குவியம் தப்பியது' என்ற வரிசை. ஒரு படத்தை மட்டும் சொல்கிறேன். மகள் நடித்த நாடகத்தின் ஒத்திகை. பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கு. அவள் முகம் சட்டகத்தின் இடது ஓரத்தில் வர வேண்டும். என் கேமராவில் மங்கலான வெளிச்சத்தில் நம்பக்கூடியது நடுப்புள்ளி மட்டுமே. நெடுக்கையும் குறுக்கையும் சேர்த்துப் பார்க்கும் குறுக்குவகைப் புள்ளி அது ஒன்றுதான். நடுவில் வைத்துக் குவியத்தைப் பூட்டி, கேமராவை வலப்புறம் திருப்பினேன். அதற்குள் அவள் அரையடி முன்னே வந்துவிட்டாள். 50 மி.மீ. லென்ஸ், எஃப்/1.8 (எஃப் எண் சிறுத்தால் லென்ஸ் அகலத் திறக்கும்; தெளிவாக விழும் ஆழமோ குறையும்). திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் கண் கலங்கித் தெரிகிறது. காதோர முடி மட்டும் இழை இழையாகத் துல்லியமாக இருக்கிறது. அந்த முகபாவம் அப்புறம் வரவில்லை.

சில படங்களில் யாரும் நகராமலேயே குவியம் பின்னால் விழுந்திருந்தது. அளவுகோலைச் சாய்த்து வைத்து 15ஆம் கோட்டில் குவித்துப் பார்த்தேன். 16தான் தெளிவாக வந்தது. டிஎஸ்எல்ஆரில் குவியம் பார்ப்பது ஆடிக்குக் கீழே இருக்கும் தனி சென்சார். படம் பதிவது வேறொரு சென்சாரில். இரண்டுக்கும் இடையே மயிரிழை வேறுபாடு இருந்தால் இப்படித்தான் ஆகும். லென்ஸ் வாரியாக இதைத் திருத்தும் நுண்சரிசெய்தல் வசதி என் கேமராவில் கிடையாது. விளம்பரங்களில் கடைசி வரியில்கூட இடம்பெறாத இந்த வசதி, என் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு ஏறிவிட்டது.

அடுத்தது இரைச்சல், அதாவது படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான கரடு. ஒளியுணர்வு அளவான ஐ.எஸ்.ஓ. 1600ஐத் தாண்டினால் நிழல் பகுதிகளில் மணல் தூவியதுபோல் ஆகிவிடுகிறது. ஆனால் இதில் பாதிப் பழி கேமராவைச் சேராது. கூடவே வந்த ஜூம் லென்ஸ் நீள முனையில் எஃப்/5.6. அதைக் கழற்றிவிட்டு எஃப்/1.8 லென்ஸை மாட்டியதும் மூன்று ஸ்டாப்புக்கு (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு ஒளி) மேல், ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளி கிடைத்தது. ஏபிஎஸ்-சி என்னும் சிறிய சென்சாரிலிருந்து, 35 மி.மீ. பிலிம் அளவுள்ள ஃபுல் ஃபிரேமுக்குப் போனால் பரப்பு கூடுவது சுமார் 2.3 மடங்கு, ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல். இன்னும் கேமராவோடு வந்த கிட் லென்ஸோடு மட்டும் இருப்பவர் புது பாடியைப் (லென்ஸ் நீங்கலான கேமரா) பற்றி யோசிக்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

ஃபுல் ஃபிரேம் ஆசை எனக்கும் இருந்தது. ஆனால் அந்த வகை டிஎஸ்எல்ஆர்களில் குவியப் புள்ளிகள் பெரும்பாலும் சட்டகத்தின் நடுவிலேயே குவிந்து கிடக்கின்றன. ஓரத்தில் நிற்கும் முகம்தான் என் சிக்கல் என்னும்போது, அங்கே போய் என்ன ஆகப்போகிறது? சிறிய சென்சாருக்கென்றே செய்த ஏபிஎஸ்-சி லென்ஸ்களை அதில் மாட்டினால் 24 மெகாபிக்சலில் சுமார் பத்துதான் மிஞ்சும்.

வீடியோவை நான் தொடுவதே இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் ஷட்டருக்கு ஆயுள் உண்டு என்று பயமுறுத்துவார்கள். ஷட்டரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியில் நண்பரின் கேமராவை இரவல் வாங்கினேன். 2015ஆம் ஆண்டு மாடல். 24 மெகாபிக்சல், 51 புள்ளிகள், நுண்சரிசெய்தலும் உண்டு. அதன் குவிய அமைப்பு -3 ஈ.வி. (வெளிச்ச அளவு; ஓர் எண் குறைந்தால் ஒளி பாதி) ஒளி வரை வேலை செய்யும், என்னுடையது -1 ஈ.வி. வரைதான். அதாவது நான்கில் ஒரு பங்கு வெளிச்சம் இருந்தாலே அதற்குப் போதும். அடுத்த ஒத்திகையில், திருப்பும் வேலையே இல்லாமல், இடது ஓரப் புள்ளியை நேராகக் கண்ணின் மேல் வைத்தேன். இருட்டில் முன்னும் பின்னும் தேடி அலையாமல் சட்டென்று பிடித்தது. இரைச்சலில் இரண்டு ஸ்டாப் லாபம் எதிர்பார்த்திருந்தேன். இரு கேமராப் படங்களையும் ஒரே அளவுக்குச் சுருக்கிப் பார்த்ததில் ஒன்றுக்குச் சற்று மேல்தான். 1/60 நொடியில் கையசைவு கலங்கிய இடத்தில் 1/125 வைக்க முடிந்தது. அதுவே நிறையப் படங்களைக் காப்பாற்றியது. கணினியில் நிழல் பகுதிகளை வெளிச்சமாக்கினால் பட்டை பட்டையாகத் தெரியாததை ஓர் உபரி என்று வைத்துக்கொள்கிறேன். ஆடியின் 'டபக்' சத்தம் மட்டும் இதிலும் அப்படியே. அமைதியான காட்சியில் முன்வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

கேனான் ஈஓஎஸ்-1டி எக்ஸ் மார்க் III, நிகான் டி6 ஆகிய இரண்டும் 2020இல் வந்தன. அதன்பிறகு இரு நிறுவனங்களும் முதன்மை டிஎஸ்எல்ஆர் எதையும் கொண்டுவரவில்லை. ஆக, இன்னும் நல்லது வரட்டும் என்று காத்திருக்கும் சாக்கும் போயிற்று. ஓரம்வரை பரவிய புள்ளிகள், மங்கலில் குவியம், நுண்சரிசெய்தல் மூன்றும் உள்ள ஏபிஎஸ்-சி பாடி ஒன்றை, ஒருவர் பயன்படுத்தியதாக இருந்தாலும் சரி, வாங்குவதாக இருக்கிறேன். இதற்கிடையில் நண்பர் இரண்டு முறை கேட்டுவிட்டார். இன்னும் ஓர் ஒத்திகை பாக்கி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.