பருவக் காய்ச்சலும் 2009 பன்றிக் காய்ச்சலும்

இரண்டும் இன்ஃப்ளூயன்சாதான். பரவும் விதமும் ஒன்றே: இருமும்போது தெறிக்கும் துளி, மூக்கைத் துடைத்த கையோடு ஒருவர் பிடித்த பஸ் கம்பி, அதே கம்பியைத் தொட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கும் அடுத்தவர். உடம்பு சுடுவதற்கு ஒரு நாள் முன்பே பிறருக்குத் தொற்றத் தொடங்கிவிடும்.

வித்தியாசம், யாரைப் பிடித்தது என்பதில்தான். பருவக் காய்ச்சலில் உயிராபத்து பெரும்பாலும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு. 2009-இல் வந்த பன்றிக் காய்ச்சல் வைரஸ், எச்1என்1, அதைத் தலைகீழாக்கியது. அதை ஒத்த பழைய வைரஸைச் சின்ன வயதிலேயே சந்தித்திருந்த தாத்தா பாட்டிகளுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருந்தது, பேரப்பிள்ளைகளுக்கு இல்லை. பள்ளிக்கூடங்கள் வழியாக வேகமாகப் பரவியது. புனேயில் பள்ளிகளையும் தியேட்டர்களையும் மூடவேண்டி வந்தது. கர்ப்பிணிகள் பட்ட பாடுதான் கொடுமை.

அப்புறம் ‘பன்றிக் காய்ச்சல்’ என்ற அந்தப் பெயர். எகிப்தில் பன்றிகளைக் கொன்று குவித்தார்கள். நோயோ மனிதரிடமிருந்து மனிதருக்குப் போய்க்கொண்டிருந்தது. வெந்த பன்றிக்கறியால் இது வராது.

இன்று அந்த வைரஸும் பருவக் காய்ச்சலில் ஒன்றாகிவிட்டது. ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ தடுப்பூசி அதற்கும் சேர்த்துத்தான். வீட்டில் கர்ப்பிணிக்கோ ஆஸ்துமா உள்ளவருக்கோ காய்ச்சலும் இருமலும் வந்தால், எந்த வகை என்று யோசித்து நாளைக் கடத்தாதீர்கள். ஃப்ளூ வைரஸை எதிர்க்கும் ஒசெல்டாமிவிர் மாத்திரை, நோய் தெரிந்த முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.