மீட்டரை அடியாக்க: 3.28-ஆல் பெருக்கவா, 2.54-ஆல் வகுக்கவா?

மீட்டரை 3.28-ஆல் பெருக்கினால் அடி வந்துவிடும். பலரும் செய்வது இதுதான். வேகமான வழி, சரி. ஆனால் புள்ளிக்கு அப்புறம் ஒரு பள்ளம் இருக்கிறது. 1.75 மீட்டர் உயரம் என்றால் 5.74 அடி. உடனே "5 அடி 7 அங்குலம்" என்று எழுதிவிடுவோம், நானும் எழுதியிருக்கிறேன். அடிக்கு 12 அங்குலம் அல்லவா? அந்த 0.74-ஐ 12-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 9 அங்குலம்!

இன்னொரு வழி, சென்டிமீட்டரை 2.54-ஆல் வகுத்து முதலில் அங்குலமாக்குவது. 175-ஐ வகுத்தால் 68.9. அதில் 5 அடிக்கு 60 போக, மீதி 8.9 அங்குலம். குழப்பமே இல்லை. 1959-இல் கஜம், அதாவது 36 அங்குலம், 0.9144 மீட்டர் என்று முடிவானதிலிருந்து 2.54 மிகச்சரியான எண். 3.28 தோராயம்தான், கிலோமீட்டருக்குச் சுமார் 10 அங்குலம் குறைத்துக் காட்டும்.

ஆள் உயரம், மேசை, துணி எதுவானாலும் நான் வகுத்தல் பக்கம். அங்குலம் தேவைப்படாத நீளமான தூரத்துக்குப் பெருக்கலே போதும்.

பழைய நீள அளவுகளான செயின், பர்லாங் வேண்டுமா? மேலே சொன்ன இரண்டு வழியையும் விடுங்கள். ஒரு செயின் 66 அடி, அதாவது 20.1168 மீட்டர். தோராயமாக, மீட்டரை 20-ஆல் வகுத்தால் செயின், 200-ஆல் வகுத்தால் பர்லாங் (10 செயின்). 1,000 மீட்டர் 5 பர்லாங்குக்குக் கொஞ்சம் குறைவு.