மீனின் கட்சியை யார், எப்போது பேசுவது? அமெரிக்க அணைகளும் மூன்று சட்டங்களும்

1992-ல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உள்ள ரெட்ஃபிஷ் ஏரிக்கு ஒரே ஒரு சாக்ஐ சால்மன் மீன் வந்து சேர்ந்தது. கடலில் வளர்ந்து, இனம் பெருக்கப் பிறந்த ஏரிக்கே திரும்பும் மீன் இது. செந்நிறத்தில் கூட்டம் கூட்டமாக இவை வந்ததால்தான் ஏரிக்கே அந்தப் பெயர். அந்த வருடம் வந்தது ஓர் ஆண் மீன் மட்டும். ‘லோன்சம் லாரி’ என்று பெயர் வைத்தார்கள். சுமார் 900 மைல் எதிர்நீச்சல் போட்டு, கொலம்பியா, ஸ்னேக் ஆறுகளில் எட்டு அணைகளைத் தாண்டி வந்திருந்தது.

எட்டு அணைகளிலும் மீன் ஏணி, அதாவது மீன்கள் படிப்படியாக ஏறி அணையைக் கடக்கும் நீர்வழி, உண்டு. ஸ்னேக் ஆற்றின் கீழ்ப்பகுதியில் 1961-க்கும் 1975-க்கும் இடையே நிறைவடைந்த நான்கு அணைகளைப் பொறுத்தவரை, மீன்வளத் துறையினர் முன்பே எச்சரித்தும் இருந்தார்கள். அப்படியிருந்தும் ஒரு மீன்தான் மிஞ்சியது. வனத்துறைக்கும் நீர்வளத்துறைக்கும் நடக்கும் இழுபறியை நம் ஊரில் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. ஆனால் அமெரிக்கா இந்த இழுபறிக்கு ஒன்றல்ல, மூன்று வெவ்வேறு தீர்வுகளைச் சட்டமாக்கி, பல பத்தாண்டுகள் நடத்தியும் பார்த்திருக்கிறது. அணை கட்டும் முன்பே கலந்து பேசு என்கிறது ஒன்று. ஓர் உயிரினம் அழியும் என்றால் நிறுத்து என்கிறது இன்னொன்று. அணையின் உரிமம் முடியும்போது மறுபடி கணக்குப் பார் என்கிறது மூன்றாவது. எது உதவியது என்று பார்க்க நான் இரண்டு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன்: அந்தச் சட்டம் எப்போது பேசுகிறது? அது பேசினால் எதிர்த்தரப்பு கேட்டே ஆகவேண்டுமா?

முதலாவது, மீன் மற்றும் வனவிலங்கு ஒருங்கிணைப்புச் சட்டம். 1934-ல் ரூஸ்வெல்ட் காலத்தில் வந்தது. பொருளாதார மந்தத்தில் வேலை கொடுக்க நாடெங்கும் அணைகள் எழும்பிய நேரம் அது. அணை கட்டும் முன் மீன்வளப் பிரிவைக் கலந்தாலோசிக்க வேண்டும், கட்டுபடியானால் மீன் ஏற வழி செய்ய வேண்டும் என்றது. ‘கட்டுபடியானால்’ என்ற ஒரு சொல் என்ன செய்யும் என்பதற்குக் கொலம்பியா ஆறே சாட்சி. கீழே பானவில் அணையில் மீன் ஏணி வைத்தார்கள். ஆற்றின் மேல்பகுதியில், 1942-ல் முடிந்த 550 அடி உயர கிராண்ட் கூலி அணையில் வைக்கவில்லை. அதற்கு மேலே இருந்த ஆறு முழுவதும் சால்மனுக்கு மூடப்பட்டது. அந்த மீனை நம்பியிருந்த பூர்வகுடிகள் 1940 ஜூன் மாதம் கெட்டில் அருவியில் கூடி அழுது விடைகொடுத்தார்கள். ‘கண்ணீர்ச் சடங்கு’ என்றே அந்த நிகழ்வு அழைக்கப்படுகிறது.

1946-லும் 1958-லும் சட்டத்தைத் திருத்தினார்கள். 1958 திருத்தம் தாளில் படிக்க அருமையாக இருக்கும். நீர்வளத் திட்டங்களில் மற்ற நோக்கங்களுக்குக் கிடைக்கும் அதே கவனம் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கும் கிடைக்க வேண்டும் என்றது. ஓர் ஆற்றைத் தேக்கினாலும், திருப்பினாலும், ஆழப்படுத்தினாலும் மத்திய மீன் மற்றும் வனவிலங்குத் துறையையும் மாநிலத் துறையையும் கேட்டாக வேண்டும். அவர்கள் தரும் அறிக்கையைத் திட்ட அறிக்கையோடு நாடாளுமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். இழப்பை ஈடுகட்டும் செலவைத் திட்டச் செலவிலேயே சேர்க்கலாம். இந்தக் கடைசி அம்சத்தைப் பலரும் கவனிப்பதில்லை. ஈட்டுச் செலவு தனியாக நிற்காமல் அணையின் செலவிலேயே ஏறுவது சின்ன விஷயம் இல்லை.

குறை எங்கே என்றால், கேட்கத்தான் வேண்டும்; கேட்டபடி நடக்க வேண்டும் என்று இல்லை. அறிக்கையைப் பரிசீலித்தோம் என்று எழுதிவிட்டால் அரசுக்காக அணை கட்டும் ராணுவப் பொறியாளர் படையின் கடமை முடிந்தது. 1974-ல் நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகமே இதை ஆராய்ந்து, காட்டுயிர்களுக்குச் சம கவனம் கிடைக்க அரசுத் துறைகள் இன்னும் நன்றாகச் செயல்பட வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. 1970-ல் தேசிய சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் வந்தபின், அதன்படி சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை எழுதினாலே போதும், இதற்குத் தனியாக வேண்டாம் என்று நீதிமன்றங்களும் சொல்லத் தொடங்கின.

ஆனாலும் இந்தச் சட்டத்தை வெறும் காகிதம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஃபுளோரிடாவின் போக்கா சியேகா விரிகுடாவில் 11 ஏக்கருக்குச் சற்றே அதிகமான பரப்பை மண் கொட்டி நிரப்பக் கேட்டவர்களுக்கு 1967-ல் பொறியாளர் படை அனுமதி மறுத்தது. கப்பல் போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாதபோது, மீனுக்குக் கெடுதல் என்று மட்டும் சொல்லி மறுக்க முடியுமா என்று வழக்கு. முடியும் என்று 1970-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதற்குக் கைகொடுத்த சட்டங்களில் முக்கியமானது இந்த ஒருங்கிணைப்புச் சட்டம்தான். மறுக்க மனமுள்ள அதிகாரிக்கு இது துணை நிற்கும். மனமில்லாதவரை இதனால் அசைக்க முடியாது.

ஸ்னேக் ஆற்றில் என்ன ஆனது? இந்தச் சட்டத்தின்படி ஓர் ஈட்டு அறிக்கை தயாரானது. அதை ஏற்று, மீன் குஞ்சு பொரிப்பகங்கள் கட்ட 1976-ல் நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தது. நான்காவது அணை முடிந்தது 1975-ல். முன்கூட்டியே பேசவேண்டிய சட்டத்தின் பலன் அணைக்குப் பின்னால் வந்தது. 1980-களின் நடுவிலேயே ஸ்னேக் ஆற்றின் கோஹோ என்ற சால்மன் வகை அற்றுப்போனது.

இரண்டாவது வழிக்கு வருவோம். 1973 டிசம்பரில் வந்த அழியும் நிலை உயிரினங்கள் சட்டத்தின் 7-ஆவது பிரிவு. இங்கே ‘பரிசீலி’ என்ற பேச்சே இல்லை. அரசுத் துறையின் எந்தச் செயலும் அழியும் நிலை என்று அரசு வைத்திருக்கும் பட்டியலில் உள்ள உயிரினத்தின் இருப்பை ஆபத்தில் தள்ளாது என்று உறுதி செய்தாக வேண்டும்.

இதன் பலத்தை நாடு பார்த்தது டெனசி மாநிலத்தின் டெலிகோ அணையில். லிட்டில் டெனசி ஆற்றில் டெனசி பள்ளத்தாக்கு ஆணையம் என்ற மத்திய அரசு அமைப்பு 1967-ல் வேலையைத் தொடங்கியிருந்தது. இதில் ஒரு விஷயம் முக்கியம்: முதலில் சொன்ன ஒருங்கிணைப்புச் சட்டம் இந்த ஆணையத்துக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே விலக்கு எழுதப்பட்டிருக்கிறது. ஆக, கலந்து பேசும் கட்டாயம்கூட இல்லாமல் தொடங்கிய அணை இது. 1973 ஆகஸ்டில் டேவிட் எட்னியர் என்ற உயிரியல் பேராசிரியர் அந்த ஆற்றில் விரல் நீள மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். நத்தை தின்னும் மீன் என்பதால் ஸ்னெயில் டார்ட்டர் என்று பெயர். 1975-ல் அது பட்டியலில் சேர்ந்தது. 1978 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று தீர்ப்பு கொடுத்தது: கோடிக்கணக்கான டாலர் செலவாகி, அணை ஏறக்குறைய முடிந்திருந்தாலும் மதகை மூடக் கூடாது.

அப்புறம் நடந்ததுதான் இந்த வழியின் பலவீனத்தைக் காட்டுகிறது. அதே ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, விலக்கு கொடுக்க ஒரு உயர்நிலைக் குழுவை அமைத்தது. மக்கள் அதைக் ‘கடவுள் குழு’ என்றார்கள். 1979 ஜனவரியில் அந்தக் குழுவே ஒருமனதாக டெலிகோவுக்கு விலக்கு மறுத்தது. மிச்ச வேலையை முடிக்கும் செலவை மட்டும் எடுத்துக்கொண்டால்கூட அணையின் பலன் அதற்கு ஈடாகாது என்பதே குழுவில் இருந்த பொருளாதார நிபுணரின் கணக்கு. இருந்தும் ஒரு நிதி ஒதுக்கீட்டு மசோதாவில் டெலிகோவுக்கு மட்டும் தனி விலக்கைச் செருகி நிறைவேற்றினார்கள். நவம்பரில் மதகுகள் மூடின. 300-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் நிலம் இழந்தன. செரோக்கி பூர்வகுடி மக்களின் பழைய தலைநகரங்களான சோட்டாவும் டனாசியும் நீரில் மூழ்கின. டெனசி மாநிலத்துக்கே பெயர் கொடுத்த ஊர் டனாசி. வேறு ஆறுகளில் கொண்டுபோய் விட்டதாலும், பிறகு வேறு இடங்களிலும் இருப்பது தெரிந்ததாலும் மீன் தப்பித்தது. 2022-ல் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. ஆறு தப்பவில்லை.

இந்தச் சட்டம் வளர்ச்சித் திட்டங்களையெல்லாம் முடக்குகிறது என்று இன்றும் பேசுகிறார்கள். 2008-லிருந்து 2015 வரை மீன் மற்றும் வனவிலங்குத் துறை இந்த 7-ஆவது பிரிவின்படி பதிவு செய்த 88,290 கலந்தாய்வுகளை ஆராய்ந்தவர்கள், ஒரு திட்டம்கூட நிறுத்தப்படவில்லை என்றே கண்டார்கள். என் குறை வேறு. உயிரினம் அழிவின் விளிம்புக்கு வந்தபின்தான் இந்தச் சட்டம் வாய் திறக்கும். ஸ்னேக் ஆற்று சாக்ஐ பட்டியலில் ஏறியது 1991-ல். மறு ஆண்டுதான் லாரி தனியாக வந்தது.

மூன்றாவது வழியைப் பற்றி நம்மிடையே அதிகம் பேச்சில்லை. எனக்கு இதில்தான் நம்பிக்கை. அமெரிக்காவில் மத்திய அரசு அல்லாதவர்கள் நடத்தும் நீர்மின் அணைகளுக்குக் கூட்டாட்சி எரிசக்தி ஆணையத்தின் உரிமம் தேவை. 30 முதல் 50 ஆண்டுகள்தான் அது செல்லும். முடிந்ததும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். கூட்டாட்சி மின்சக்திச் சட்டத்தின் 18-ஆவது பிரிவின்படி, மீன் கடக்க வழி அமைக்கச் சொல்லி மீன்வளத் துறைகள் விதித்தால் ஆணையம் அதை உரிமத்தில் சேர்த்தே ஆகவேண்டும். 1986 திருத்தம் இன்னொன்றையும் செய்தது: பழைய ஒருங்கிணைப்புச் சட்டத்தின்படி வரும் பரிந்துரைகளை ஏற்காவிட்டால், ஏன் ஏற்கவில்லை என்று ஆணையம் காரணம் எழுத வேண்டும். பல் இல்லாத அந்த முதல் சட்டத்துக்கு இங்கேதான் பல் முளைத்தது.

ஓரிகனிலும் கலிஃபோர்னியாவிலும் ஓடும் கிளமாத் ஆற்றில் இது எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். 2001 வறட்சியில் அழியும் நிலை மீன்களுக்காகப் பாசன நீரை நிறுத்தினார்கள், விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். 2002-ல் பாசனத்துக்குத் திறந்தார்கள். செப்டம்பரில் 30,000-க்கும் மேற்பட்ட சால்மன்கள் ஆற்றின் கீழ்ப்பகுதியில் செத்து மிதந்தன. இரண்டாவது வழி இங்கே விவசாயியையும் மீனையும் மோதவிட்டதுதான் மிச்சம். விவசாயிகளும் மீனை நம்பியவர்களும் உழைத்துப் பிழைப்பவர்கள்தான். அந்த ஆற்று மீனை நம்பி யூரோக், காரூக் பூர்வகுடிகள் இருந்தார்கள்.

2006-ல் அங்கிருந்த மின் அணைகளின் 50 ஆண்டு உரிமம் முடிந்தது. மீன்வழி கட்டாயம் என்று துறைகள் விதித்தன. அணைகளை நடத்திய மின் நிறுவனம் எதிர்த்து வாதாடியும் விதிப்பு நின்றது. கணக்குப் போட்டுப் பார்த்தால், வழி கட்டுவதைவிட அணையை இடிப்பதே மலிவு. யாரும் அணையை இடி என்று உத்தரவிடவில்லை. கணக்கே அந்த இடத்துக்குக் கொண்டுவந்து விட்டது. மின் நுகர்வோரிடமிருந்து 20 கோடி டாலர், கலிஃபோர்னியா கடன் பத்திரத்திலிருந்து 25 கோடி டாலர் என்று நிதி சேர்ந்தது. ஒப்பந்தங்கள் இழுபட்டு, 2022 நவம்பரில் ஆணையம் ஒப்புதல் தந்து, 2024-ல் நான்கு அணைகளும் அகன்றன. அந்த அக்டோபரிலேயே, 1912-க்குப் பிறகு முதன்முறையாக, சினூக் சால்மன் ஓரிகனின் மேல்பகுதிக்கு ஏறி வந்தது.

காத்திருப்பு நீளம், ஒத்துக்கொள்கிறேன். 50 ஆண்டுகளில் ஓர் இனமே அழிந்துவிடலாம். ஆனால் முதல் வழியில் இல்லாத அதிகாரமும் இரண்டாவதில் இல்லாத முன்னறிவிப்பும் இதில் சேர்ந்திருக்கின்றன. எந்த ஆண்டு பதில் சொல்லவேண்டும் என்று அணை நடத்துபவருக்கும் தெரியும், ஆற்றங்கரைக்காரருக்கும் தெரியும். பாசனக்காரர், பூர்வகுடி, மின் நிறுவனம் எல்லோரும் ஒரே மேசைக்கு வர அந்தத் தேதிதான் காரணம்.

மத்திய அரசின் சொந்த அணைகளுக்கு இந்த உரிமம் கிடையாது. கிராண்ட் கூலிக்கு இல்லை, டெலிகோவுக்கு இல்லை, ஸ்னேக் ஆற்றின் நான்கு அணைகளுக்கும் இல்லை. அங்கே சால்மன்களுக்காக 2023 டிசம்பரில் அரசும் பூர்வகுடிகளும் மாநிலங்களும் செய்துகொண்ட உடன்பாட்டை, 2025 ஜூனில் அடுத்து வந்த அதிபர் ஒரே ஆணையில் விலக்கிக்கொண்டார். மறுபடி நீதிமன்றம்தான். அரசு அணைகளுக்கும் ஒரு காலக்கெடு வைக்க வேண்டும், அன்று மீன்வளத் துறையின் விதிப்பு கட்டாயமாக வேண்டும் என்பது என் கட்சி. ரெட்ஃபிஷ் ஏரிக்கு இன்று திரும்பும் சாக்ஐகளில் பெரும்பாலானவை பொரிப்பகத்தில் பிறந்தவை. 1990-களில் திரும்பி வந்த லாரி போன்ற ஒரு சில மீன்களிலிருந்து காப்பாற்றி வளர்த்த வம்சம் அது.