எல்லாப் பாகமும் மாறியது, பழுது மட்டும் மாறவில்லை

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சீட் வசதியானது, நெடுஞ்சாலையில் வண்டி அலுங்காமல் போகும், ஏசி, பிரேக் எதிலும் குறையில்லை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கியர் மாற்றுவதே தெரியாது, ஒழுங்காக இருக்கும் நாட்களில். கம்பெனி பெயரையும் மாடலையும் எழுதப் போவதில்லை. இந்தத் தொல்லை எந்தக் காருக்கும் வரலாம். வாரண்டியில் இழுபடுவதும் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

தொல்லை இதுதான். எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிவிட்டு எங்காவது நிறுத்துவேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றும். ஒருவழியாக எஞ்சின் பிடித்துக்கொள்ளும், ஆனால் ஏபிஎஸ், ஸ்டியரிங், செக் எஞ்சின் என்று டேஷ்போர்டில் இருக்கிற விளக்கெல்லாம் ஒன்றாக எரியும். எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் என்பதால் உதவி நின்று ஸ்டியரிங் கனத்துவிடும். கியர்பாக்ஸ் லிம்ப் மோடுக்கு, அதாவது கோளாறைக் கண்டால் தன்னைக் காத்துக்கொள்ளும் நிலைக்குப் போய், ஒரே கியரில் உட்கார்ந்துகொள்ளும். ஓரங்கட்டி, அணைத்து, சற்றுப் பொறுத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். எப்போது வரும் என்று சொல்லவே முடியாது. தொடர்ந்து சில நாள் வரும், அப்புறம் மாதக்கணக்கில் வராது.

டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் காய்ச்சல் விட்டுப்போகிற மாதிரி, சர்வீஸ் சென்டர் வாசலைக் கண்டதும் வண்டி பரம சாதுவாகிவிடும். காலையில் விட்டால் மாலையில் சர்வீஸ் அட்வைசரிடமிருந்து போன் வரும்: "சார், ஸ்கேன் போட்டுப் பாத்தாச்சு, பழைய எரர் கோடு சிலது இருந்துச்சு, கிளியர் பண்ணிட்டோம். ஓட்டியும் பாத்தோம், நல்லாத்தான் இருக்கு. வந்து எடுத்துக்கங்க."

அந்தக் "கிளியர் பண்ணிட்டோம்" என்ற வார்த்தைதான் என்னை மிகவும் சோதித்தது. எரர் கோடு என்பது காரின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் கோளாறுக் குறியீடு. அதை அழித்தால் அதோடு சேர்ந்து ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும். கோளாறு பதிவான அந்த நொடியில் எஞ்சின் எத்தனை ஆர்பிஎம்மில் இருந்தது, கூலன்ட் சூடு எவ்வளவு, வண்டி என்ன வேகத்தில் போனது என்ற தகவல்கள் அதில்தான் இருக்கும். வந்து போகிற கோளாறுக்கு அதைவிட்டால் வேறு சாட்சி கிடையாது. துப்பறிய வந்தவரே தடயத்தைத் துடைத்துவிட்டுப் போனால் என்ன செய்வது?

சரி, என்னதான் செய்தார்கள் என்றால், பாகம் மாற்றினார்கள். முதலில் பேட்டரி. கொஞ்ச நாள் நன்றாக ஓடியது, பிறகு பழைய குருடி கதவைத் திறடி. அடுத்தது ஸ்டார்ட்டர் மோட்டார். அதற்கும் சில வாரம் மரியாதை கொடுத்துவிட்டு வண்டி தன் வேலையைக் காட்டியது. சாஃப்ட்வேர் அப்டேட் போட்டார்கள். கடைசியாக கியர்பாக்ஸ் கட்டுப்பாட்டு யூனிட். அதற்காக ஸ்பேர் வரும் வரை வண்டியைப் பிரிந்திருக்க வேண்டியதாயிற்று. எல்லாம் வாரண்டியில்தான், கைக்காசு போகவில்லை. ஆனால் விடுப்பு போட்டது, டாக்சிக்குக் கொடுத்தது, மழையில் ஹசார்டு விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது இதற்கெல்லாம் எந்த வாரண்டியும் ஈடு தராது.

அங்கே வேலை செய்பவர்கள்மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. வாரண்டி வேலைக்கு டீலருக்குப் பணம் தருவது கார் கம்பெனி. எந்தப் பாகம் மாற்ற எத்தனை மணி நேரம் என்று கணக்கு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். கழற்றிய பாகத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லிப் பரிசோதிப்பதும் உண்டு. கோடு இருக்கிறது, பாகம் மாற்றினோம் என்றால் கணக்கு சுலபமாக நேராகும். அரைநாள் ஒயரைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்த மெக்கானிக்கின் நேரத்தை வாங்குவது அவ்வளவு சுலபமில்லை. அதனால் தேடுவதைவிட மாற்றுவது அங்கே லாபம். இது புரிந்த பிறகு, சண்டை போடுவதை விட்டுவிட்டு அவர்களுக்குச் சாட்சி சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தேன்.

ஸ்டியரிங்குக்குக் கீழே டேஷ்போர்டை ஒட்டி ஒரு 16 பின் சாக்கெட் இருக்கும், ஓபிடி போர்ட். அதில் செருகும் சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்றை வாங்கினேன். கோளாறு வந்த இடத்திலேயே ஓரமாக நிறுத்தி, கோடையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் போனில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டேன். எதையும் அழிக்கவில்லை. அப்போதுதான் தெரிந்தது, பி0562 என்ற கோடு பல தடவை வந்திருந்தது. சிஸ்டம் வோல்டேஜ் குறைவு என்று அர்த்தம். கூடவே யு0101, அதாவது கியர்பாக்ஸ் யூனிட்டோடு தொடர்பு அறுந்துவிட்டது. கியர்பாக்ஸ் கோடைப் பார்த்து கியர்பாக்ஸ் யூனிட்டை மாற்றியவர்கள், பக்கத்திலேயே இருந்த வோல்டேஜ் கோடைப் பொருட்படுத்தவில்லை. மின்சாரம் சரியாகக் கிடைக்காவிட்டால் எந்த யூனிட்டும் பேச்சை நிறுத்தத்தான் செய்யும்.

ஜாப் கார்டு விஷயத்திலும் கறாரானேன். அதுவரை "ஜெனரல் செக்கப்" என்றோ "எஞ்சின் லைட்" என்றோ ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். "சூடான எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது மெதுவாகச் சுற்றுகிறது, உடனே ஸ்டியரிங் கனக்கிறது, கியர் சிக்குகிறது" என்று என் வார்த்தையிலேயே எழுதச் சொல்லி, படித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். வண்டியை எடுக்கும்போது, ஒன்றுமே செய்யவில்லை என்றாலும், பூஜ்யம் ரூபாய் பில்லானாலும், கிலோமீட்டரும் தேதியும் போட்டுத் தாள் வாங்கிக்கொள்வேன். அமெரிக்காவில் 1982-இல் கனெக்டிகட் மாநிலம் கொண்டுவந்த லெமன் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பழுதுக்கு நான்கு முறை முயன்றும் தீராவிட்டால், அல்லது வண்டி மொத்தமாக 30 நாள் பட்டறையில் கிடந்தால், மாற்று வண்டியோ பணமோ கேட்கலாம் என்பதுதான் அதன் அடிப்படை. அப்படி ஒரு சட்டம் இருக்கிற இடமோ இல்லாத இடமோ, "ஒரே பழுது" என்று காட்ட ஜாப் கார்டுதான் வேண்டும். ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருந்தால், அவை வெவ்வேறு பழுதுகள் என்று ஆகிவிடும்.

ஸ்க்ரீன்ஷாட்டுகளையும் ஜாப் கார்டுகளையும் ஒரே மெயிலில் கோத்து, டீலரைத் தாண்டிக் கம்பெனிக்கே அனுப்பினேன். அவர்களுடைய டெக்னிக்கல் ஆள் ஒருவர் வந்தார். வயதானவர், அதிகம் பேசவில்லை. ஸ்கேனரைத் தொடவே இல்லை. எஞ்சினைச் சூடாக்கச் சொல்லி, பையிலிருந்து ஒரு சாதாரண மல்டிமீட்டரை எடுத்தார். ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் முனையில் வைத்தார், மறுமுனையை எஞ்சின் உலோகத்தில் அழுத்தினார், என்னை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். அங்கே அரை வோல்ட்கூடக் காட்டக் கூடாதாம். மீட்டர் ஒன்றரையைத் தாண்டியது.

எர்த் ஒயர். எஞ்சினையும் பாடியையும் பேட்டரி மைனஸோடு இணைக்கிற தடித்த பட்டை. பாடியில் அதன் போல்ட்டைக் கழற்றிக் காட்டினார். வளையத்துக்கு அடியில் பெயிண்ட் சுரண்டப்படாமல் அப்படியே இருந்தது. தொடர்பு முழுக்க போல்ட்டின் மரை வழியாகத்தான், அங்கேயும் துரு.

"ஏற்கெனவே எர்த் செக் பண்ணினோம், ஓகேதான் காட்டிச்சு" என்றார் அட்வைசர். அவர் பொய் சொல்லவில்லை. மீட்டரை ஓம் அளவில் வைத்துப் பார்த்திருப்பார்கள். ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கும்போது 0.01 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கே விழுந்துவிடும். அந்த 0.01 ஓமை சாதாரண மீட்டர் காட்டாது, மீட்டர் ஒயரின் சொந்தத் தடையே அதைவிட அதிகம். மின்சாரம் ஓடும்போது வோல்டேஜ் வீழ்ச்சியை அளந்தால்தான் மாட்டும்.

ஒவ்வொரு ரிப்பேருக்குப் பிறகும் சில வாரம் ஏன் நன்றாக ஓடியது என்பதும் அன்றுதான் விளங்கியது. பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் கழற்றி மாட்டும்போதெல்லாம் அந்தப் பட்டை அசைந்து, மரை புதிதாகப் பிடித்திருக்கிறது. துரு மறுபடி ஏறியதும் பழைய கதை. மாற்றிய பாகங்களில் ஒன்றுகூடக் கெட்டிருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

பெயிண்டைச் சுரண்டி, புதுப் பட்டை போட்டு, மேலே கிரீஸ் தடவினார். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு கோடை, மழை இரண்டும் போய்விட்டன, டேஷ்போர்டு அமைதியாக இருக்கிறது. மியூசிக் சிஸ்டம் எப்போதாவது உறைந்து நிற்கும். அதற்காக ஜாப் கார்டு போடும் தெம்பு எனக்கு இல்லை.

இப்போது வாரண்டியை நீட்டிக்கச் சொல்லிப் போன் வந்துகொண்டிருக்கிறது. திட்டத்தின் தாளை வாங்கிப் படித்தேன். எஞ்சின் உள்பாகங்கள், கியர்பாக்ஸ் எல்லாம் உண்டு. ஒயரிங், கனெக்டர், துருவால் வரும் பழுது, சாஃப்ட்வேர் எதுவும் கிடையாது. என்னை இத்தனை நாள் அலையவிட்ட பழுது அந்த விலக்குப் பட்டியலிலேயே இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு நல்ல மல்டிமீட்டர் வாங்கி டிக்கியில் போட்டு வைத்திருக்கிறேன்.