பிசுபிசுக்கும் கன்சோல்: உரித்தெடுப்பதா, மறுபடி பூசுவதா?

நான்கு வருடத்துக்கு முன், பெரிய வெள்ளியன்று, தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குப் பக்கத்து ஐசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, வண்டியில் ஏறிய அம்மா இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில், கியர் பக்கத்தில் இருக்கும் கன்சோலில் கையை ஊன்றினார். கையை எடுத்துப் பார்த்தால், விரலில் இருந்த குங்குமமும் திருநீறும் பிளாஸ்டிக்கோடு போய்விட்டன. விரல் நுனியில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து ஈரத்துணியால் துடைத்தேன். குங்குமம் போகவில்லை, துணியின் நூல்தான் போய் அதில் ஒட்டிக்கொண்டது. அடுத்த வீட்டுப் பெரியம்மா பார்த்துவிட்டு, "பலாப்பழம் அரிஞ்ச கைக்குத் தடவுற மாதிரி, கொஞ்சம் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைச்சுப் பாருய்யா" என்றார். செய்தேன். இரண்டு நாள் பளபளத்தது. மூன்றாம் நாள் முன்னைவிட மோசம்.

அதற்குப் பிறகு இதைச் சரிசெய்ய என்னென்ன வழி உண்டு என்று விசாரித்து, ஒன்றைத் தேர்ந்து, நானே செய்து, அதன் மேல் மூன்று டர்பன் கோடையும் போய்விட்டது. இதே நிலையில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

வண்டி 2001-இல் வந்த இத்தாலியக் கூப்பே, இரண்டு கதவு வண்டி. எனக்கு முன் அதை வைத்திருந்தவர் ஜோகன்னஸ்பர்க்காரர். நான் வாங்கி என்3 நெடுஞ்சாலை வழியாக ஓட்டிக்கொண்டு டர்பனின் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தபோது உள்ளே ஒரு குறையும் இல்லை. கடல் மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கு மேல், காய்ந்த காற்றில் வாழ்ந்த வண்டி அது. இங்கே வந்து இரண்டாவது கோடையில் கன்சோல், கதவுக் கைப்பிடி, ஜன்னல் சுவிட்சைச் சுற்றியுள்ள சட்டம் எல்லாம் ஒட்ட ஆரம்பித்தன.

ஒட்டுவது பிளாஸ்டிக் அல்ல, அதன் மேல் பூசிய மெல்லிய பாலியூரித்தேன் பூச்சு. தொட்டால் ரப்பர் போல மெத்தென்று இருக்க வேண்டும் என்று 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் ஐரோப்பியக் கார்களில் நிறையப் பூசினார்கள். ஃபெராரி 360 மொடேனாவின் சுவிட்சுகள்கூட இப்படிப் பிசுபிசுப்பது கார் பிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். காற்றின் ஈரம் மெல்ல உள்ளே இறங்கி, பூச்சின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை எஸ்டர் இணைப்பு உள்ள இடங்களில் அறுக்கிறது. அறுந்த இடத்தில் அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் மேலும் அறுக்கிறது. அதனால்தான் பல வருடம் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, திடீரென்று பாகாகிவிடுகிறது. சூடும் கை வியர்வையும் சன்ஸ்க்ரீனும் இதை இன்னும் வேகப்படுத்தும். டிசம்பர் முதல் மார்ச் வரை டர்பனில் அடிக்கும் புழுக்கத்தில், ஜன்னலை மூடி வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் இந்தப் பூச்சுக்கு வேண்டாதது எல்லாமே இருக்கிறது.

சரி, வழிகள். பவுடர் போட்டுத் துடைப்பது, டாஷ்போர்டு பாலிஷ் அடிப்பது இரண்டையும் விட்டுவிடுங்கள். பவுடர் சாம்பல் பூத்தது போல நிற்கும். சிலிக்கோன் உள்ள பாலிஷ் அடித்துவிட்டால் பிறகு பெயிண்ட் பிடிக்காது. நான் தடவிய தேங்காயெண்ணெயும் அதே தொல்லையைத்தான் கொடுத்தது. அதை எடுக்கவே ஒரு மாலை போனது.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ஸ்க்ராப்யார்டில் வேறு கன்சோல் வாங்குவதும் எனக்குச் சரிப்படவில்லை. அது இதே வயதுடையது, இதே பூச்சு. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நல்லதாகக் கிடைத்தாலும், இங்கே வந்தால் என் பழைய கன்சோலுக்கு ஆனதுதான் அதற்கும் ஆகும்.

மீதி மூன்று. ஒன்று, பூச்சை முழுவதும் உரித்துவிட்டு அடியில் உள்ள பிளாஸ்டிக்கை அப்படியே விடுவது, அல்லது பளபளக்காத சாதாரண மேட் பெயிண்ட் அடிப்பது. இரண்டு, அதே மெத்தென்ற பூச்சை ஆள் வைத்து மறுபடி போடுவது. மூன்று, வினைல் அல்லது தோல் ஒட்டுவது. விசாரித்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று புரிந்தது. மூன்றுக்கும் முதல் வேலை உரிப்பதுதான். பிசுபிசுத்த பூச்சின் மேல் பெயிண்டும் நிற்காது, பசையும் நிற்காது. ஆகவே கஷ்டமான பாதி மூன்றிலும் ஒன்றே. உரித்த பிறகு மேலே எதைப் போடுவது, அதை இந்தக் காற்றில் எத்தனை வருடம் காப்பாற்ற முடியும் என்பதை வைத்துத்தான் நான் முடிவு செய்தேன்.

மறுபூச்சுக்கு நான் கேட்ட இடத்தில் கன்சோல், இரண்டு கைப்பிடி, சுவிட்ச் சட்டங்கள் சேர்த்து 9,000 ரேண்ட் சொன்னார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் என் மைத்துனர் தன் வண்டிக்கு அப்படித்தான் செய்தார். முதல் நாள் தொட்டுப் பார்த்தேன், புது வண்டி போல இருந்தது. அந்தச் சுகம் உரித்த பிளாஸ்டிக்கில் வரவே வராது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு வருடத்தில், ஓட்டுபவர் பிடித்து இழுக்கும் கைப்பிடியின் உள்பக்கம் மட்டும் மெல்லப் பளபளக்க ஆரம்பித்தது. இன்னும் ஒட்டவில்லை. அது தேய்மானமா, பழைய கதையின் தொடக்கமா என்று ஒரே வண்டியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இந்த வழியில் போகிறவர்கள் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிடுங்கள்: பூசப் போகும் பெயிண்ட் பாலியெஸ்டர் அடிப்படையா, பாலியீத்தர் அல்லது பாலிகார்பனேட் அடிப்படையா? எஸ்டர் இணைப்பு உள்ள முதலாவதைத்தான் ஈரம் எளிதில் அறுக்கும். பின்னவை நன்றாகத் தாங்கும். நான் கேட்டபோது கவுண்டரில் இருந்தவர் "நல்ல பெயிண்ட்தான் அண்ணா, கவலைப்படாதீங்க" என்றார். அந்தப் பதிலுக்கு 9,000 ரேண்ட் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வினைலைப் பற்றிச் சுருக்கமாக. தட்டையான பாகத்துக்கு நன்றாக இருக்கும். என் கன்சோலில் கியரைச் சுற்றி ஆழமான வளைவு, அதில் மூலை மூலையாக மடிப்பு. வெயில் சூட்டில் அந்த மடிப்புகள்தான் முதலில் எழும்பும். தோல் ஒட்டுவது அழகு. ஆனால் பாகத்தின் தடிமன் கூடிவிடுவதால் பக்கத்துப் பாகம் திரும்பப் பொருந்தாமல் போகலாம்.

கடைசியில் உரித்தேன். எனக்குச் செலவு 600 ரேண்ட் சுமார், நேரம் இரண்டு வாரக் கடைசி.

முதலில் பாகத்தைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் எந்த வகைப் பிளாஸ்டிக் என்று அச்சில் வார்த்த எழுத்து இருக்கும்: ஏபிஎஸ், பிசி+ஏபிஎஸ், அல்லது பிபி. ஏபிஎஸ் என்றால் பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும். பிபி, அதாவது பாலிபுரொப்பிலீன் என்றால், முதலில் பிளாஸ்டிக்குக்கான ஒட்டு பிரைமர் அடிக்காமல் எந்தப் பெயிண்டும் நகத்தோடு வந்துவிடும். இருபது வருடப் பழைய கிளிப்புகள் அப்பளம் போல உடையும். குளிரில் கழற்றாதீர்கள், வண்டி கொஞ்சம் வெயிலில் நின்ற பிறகு கழற்றுங்கள்.

உரிக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். அசிட்டோனும் லாக்கர் தின்னரும் ஏபிஎஸ்ஸையே கரைத்துவிடும், பக்கத்தில் கொண்டுவராதீர்கள். ஹார்டுவேர் கடையில் விற்கும் ஊதா நிற மெத்திலேட்டட் ஸ்பிரிட்டும் வேலை செய்யும், ஆனால் மெதுவாக. சில சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும். காய்ந்த பிறகும் எண்ணெய்ப் பசை நிற்கும்.

பழைய பனியன் துணியை ஆல்கஹாலில் நனைத்துக் கன்சோல் மேல் போர்த்தி, சமையலறை பிளாஸ்டிக் தாளால் மூடிக் கால் மணி நேரம் விட்டேன். எடுத்தபோது பூச்சு சுருங்கி, அடுப்பில் பொங்கிய பாலின் ஆடை போல மடிந்து கிடந்தது. பழைய பேங்க் கார்டால் தள்ளினால் சுருட்டிக்கொண்டு வந்தது. சமமான இடம் பத்து நிமிடத்தில் முடிந்தது. பிளாஸ்டிக்கில் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக ஒரு அச்சு இருக்கிறதே, அந்தப் பள்ளங்களில் இருந்ததைப் பல் பிரஷ்ஷால் எடுக்க நாலு மணி நேரம் ஆனது. அவசரப்பட்டு உப்புத்தாள் போட்டால் அந்த அச்சு போய்விடும், பிறகு திரும்ப வராது. கராஜ் கதவைத் திறந்தே வையுங்கள்; நெருப்பு, சிகரெட் எதுவும் வேண்டாம்.

அடியில் வந்தது நல்ல கறுப்புப் பிளாஸ்டிக். கைப்பிடிகளை அப்படியே மாட்டிவிட்டேன். கன்சோலில் மட்டும் பழைய கீறல்கள் தெரிந்ததால் அக்ரிலிக் மேட் கறுப்பு மூன்று மெல்லிய கோட் அடித்தேன். லேசாகப் பளபளக்கும் சாட்டின் வாங்க வேண்டாம், முன்கண்ணாடியில் பிரதிபலிக்கும். புழுக்கத்தில் அடித்தால் பெயிண்டில் பால் நிறம் படரும், அதனால் இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் காய்ந்த நாளாகப் பார்த்து அடிக்க வேண்டும்.

இந்த வழிக்குப் பெரிய குறை சுவிட்சுகளில் இருக்கிறது. இரவில் ஒளிரும் பொத்தான்களில், கறுப்புப் பூச்சை லேசரால் செதுக்கித்தான் அடையாளம் போட்டிருப்பார்கள். பூச்சை உரித்தால் அடையாளமும் போகும், பொத்தான் முழுவதும் ஒளிரும். நான் இரண்டை உரித்துப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். மற்ற பொத்தான்களுக்கு மறுபூச்சும் லேசரும் செய்யும் ஆளிடம்தான் போக வேண்டும். ஃபெராரி மாதிரி, அசல் நிலைக்கே விலை கொடுத்து வாங்கும் வண்டியானால் கன்சோலையும் அவரிடமே கொடுப்பது நியாயம். என் மாதிரி தினமும் ஓட்டும் வண்டிக்கு, வாங்க வருபவர் கையை வைத்ததும் ஒட்டக் கூடாது, அவ்வளவுதான் வேண்டும்.

மூன்று கோடைக்குப் பிறகு உரித்த கைப்பிடிகள் உரித்த நாள் போலவே இருக்கின்றன. ஈரத்தில் கெடுவதற்கு அவற்றின் மேல் ஒன்றும் இல்லை. பராமரிப்பு என்றால் மாதம் ஒரு முறை சோப்புத் தண்ணீர்த் துணி. கன்சோலில் பெயிண்ட் அடித்த இடம் கியர் பக்கத்தில் மோதிரம் பட்டு ஒரு விரல் நீளத்துக்குத் தேய்ந்திருக்கிறது. அடுத்த ஜூனில் அந்த இடத்தை மட்டும் துடைத்து ஒரு கோட் அடிக்கப் போகிறேன். இந்தப் பெரிய வெள்ளியன்றும் அம்மா அங்கேதான் கையை ஊன்றினார். குங்குமம் விரலிலேயே இருந்தது.