பழைய பாப்-டாப் கேரவன்: கடலோர ஊருக்கு வாங்கலாமா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பத்துப் பதினைந்து வயதான பாப்-டாப் கேரவன் (நின்ற இடத்தில் கூரையை மேலே தூக்கிக்கொள்ளும் இழுவை வண்டி) தென்னாப்பிரிக்காவின் டர்பன், டோங்காட், சாட்ஸ்வொர்த் பக்கத்துக் குடும்பத்துக்கு நல்ல வாங்கல்தான், சுவர் உலர்ந்திருந்தால். டயர், பேரிங், குளிர்பெட்டி, பேட்டரி எது போனாலும் ஒரு நாளில் மாற்றிவிடலாம். அலுமினியத் தகட்டுக்கும் உள்பலகைக்கும் நடுவே இருக்கும் மரச்சட்டம் உளுத்துவிட்டால் பக்கச் சுவரையே பிரித்தாக வேண்டும்; அந்தச் செலவில் இன்னொரு கேரவன் வந்துவிடும்.

தென்னாப்பிரிக்காவில் கைமாறும் பழைய கேரவன்களில் ஜர்கன்ஸ், ஸ்ப்ரைட், ஜிப்சி ஆகிய பெயர்களையே அதிகம் பார்க்கலாம். உதிரிப் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன, பழகிய கைகளும் இருக்கின்றன. கூரையைத் தாழ்த்தி இழுப்பதால் காற்றின் தடை குறைகிறது, இழுக்கும் பேக்கிக்கு (பிக்கப் வண்டிக்கு) சுமை தெரிவதில்லை. மேலே தூக்கியதும் கான்வாஸ் சன்னல் வழியே நாலு பக்கமும் காற்று வரும். பிப்ரவரிப் புழுக்கத்தில் அதன் அருமை தெரியும். ஆனால் கூரையும் கான்வாஸும் சேரும் விளிம்புதான் இவ்வகை வண்டியின் பலவீனம். உள்நாட்டில் கிடந்த வண்டியையும் கடலோரத்தில் கிடந்த வண்டியையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது. உப்புக் காற்றும் நவம்பர் முதல் மார்ச் வரை பெய்யும் மழையும் சேர்ந்து திருகு ஓட்டைகளைத் தின்றுவிடும்.

ஈரம் பார்ப்பதற்கு அவசரம் கூடாது. விற்பவர் வீட்டுக்குப் போனதும் சன்னல், கதவு எல்லாவற்றையும் அடைத்துப் பத்து நிமிடம் விட்டுத் திறங்கள். பூஞ்சை வாடை மூக்கில் ஏறினால் எங்கோ தண்ணீர் இருக்கிறது என்று பொருள். வாசனைத் திரவம் தெளித்து வைத்திருந்தால் இன்னும் கவனம். பிறகு கட்டிலுக்கு அடியிலுள்ள பெட்டி, முன்பக்க அலமாரியின் அடிமூலை, சன்னல்களின் கீழ் மூலைகள், கூரை வென்ட்டைச் சுற்றி, வெளிக்கூடாரம் மாட்டும் தண்டவாளத்துக்கு நேர் உட்புறம், சக்கர வளைவின் மேல்பகுதி என்று கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். பலகை விரலுக்கு இணங்கினால் அங்கே உளுப்பு. ஈரமானி இருந்தால் இன்னும் நல்லது: 15 சதவீதத்துக்குக் கீழே நலம், 15 முதல் 20 வரை கசிவைத் தேடி அடைக்க வேண்டிய நிலை, அதற்கு மேல் போனால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது கிளம்புங்கள். ஒரு மூலையில் மட்டும் புதுப் பெயின்ட் அல்லது புது ஒட்டுத்தாள் இருந்தால் அங்கேதான் ஈரமானியை முதலில் வைக்க வேண்டும்.

வெளியே திருகுத் தலைகளைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரிந்தால் அது அலுமினியத்தின் துரு. இரும்புத் திருகும் அலுமினியத் தகடும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் கரையும். தகடுகள் சேரும் மூலையை மூடும் பட்டையின் மேல் சிலிக்கோன் பூசி மறைத்த வேலையை நிறைய வண்டிகளில் காணலாம். இது வேலையே இல்லை. தண்ணீர் பட்டைக்குப் பின்னால் தொடர்ந்து ஓடும். வினிகர் வாடை அடிக்கும் வகை சிலிக்கோன் அலுமினியத்தையும் அரிக்கும். பிறகு எந்தப் பசையும் அந்த இடத்தில் ஒட்டாது.

சரியான முறை இது. மூலைப் பட்டையைத் திருகு கழற்றி முழுதாக எடுங்கள். பழைய பசையை பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, மெத்திலேட்டட் ஸ்பிரிட்டால் துடைத்து உலர விடுங்கள். 20 அல்லது 25 மில்லிமீட்டர் அகல பியூட்டைல் நாடாவை (ரப்பர் போன்ற ஒட்டும் அடைப்பு நாடா) பட்டையின் முழு நீளத்துக்கும் இடைவெளி விடாமல் ஒட்டி, துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளால் நடுவிலிருந்து இரு முனைக்குமாக இறுக்குங்கள். வெயிலில் ஓரிரு நாள் கிடந்தால் நாடா பிதுங்கி வரும்; மறுபடி கால் சுற்று இறுக்கி, பிதுங்கியதை வெட்டி எடுங்கள். கடைசியில் தோட்டக் குழாயை மெல்லத் திறந்து, கீழிருந்து மேலாக, ஒவ்வொரு பகுதியிலும் பத்து நிமிடம் தண்ணீர் விட்டு உள்ளே ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் கசிவு எந்த இடம் என்று தெரியாது.

கான்வாஸைச் சோப்புப் பொடி போட்டுத் தேய்த்தால் நீர்காப்புப் பூச்சு போய்விடும். வெறும் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். மழையில் மடக்க நேர்ந்தால் வீடு வந்த மறுநாளே கூரையைத் தூக்கி உலர்த்துங்கள்; புழுங்கும் டர்பன் கோடையில் இரண்டு நாளில் கரும்புள்ளி விழும். ஜிப்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டால் உப்பு பிடிக்காது.

இனி வண்டியின் கீழ்ப்பகுதி. டயர்ப் பள்ளத்தின் ஆழத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். சட்டம் கேட்பது 1 மில்லிமீட்டர், அதைக் கேரவன் டயர் எளிதில் தாண்டும். அது தேய்ந்து சாவதில்லை, நின்ற இடத்தில் வெயிலில் வெடித்துச் சாகிறது. டயரின் பக்கச் சுவரில் டாட் (DOT) எழுத்துகளை அடுத்து வரும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2318 என்றால் 2018-ன் 23-ஆம் வாரம். ஆறு வயது தாண்டியிருந்தால் ஆழம் எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள். டயர் தாங்கும் எடையைச் சொல்லும் பாரக் குறியீடும் முக்கியம்: 88 என்பது 560 கிலோ, 91 என்பது 615 கிலோ. மொத்த எடை 1,150 கிலோ அனுமதியுள்ள ஒற்றை அச்சு வண்டிக்கு ஒரு டயருக்கு 575 வரை வரும் என்று கணக்கிட்டால் 88 போதாது.

பேரிங்கை ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பிரித்துப் புது கிரீஸ் போட வேண்டும். அச்சைத் தூக்கி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். தடதடவென்று ஆடினால் தேய்ந்திருக்கிறது. சுற்றிவிட்டால் கரகர ஒலி வரக் கூடாது. பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, உருளைகளிலும் தடத்திலும் நீலம் பாய்ந்திருக்கிறதா, குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். உயர்வெப்ப லித்தியம் கிரீஸை உள்ளங்கையில் வைத்து உருளைகளுக்கு இடையில் ஏறும்வரை அழுத்துங்கள்; ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடத்தின்) குழியை முழுக்க நிரப்பினால் சூட்டில் சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக் ஷூவில் கொட்டும். நட்டை, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பின் தளர்த்தி, விரலால் மட்டும் மறுபடி இறுக்குங்கள். ஸ்பிளிட் பின்னும் சீலும் புதியவை. மூடிய வகை பேரிங் உள்ள அச்சில் இந்த வேலை கிடையாது. அதன் நட்டை ஒருமுறை கழற்றினால் புது நட்டுதான் போட வேண்டும்.

ஓவர்ரன் பிரேக் என்பது, கார் வேகம் குறையும்போது கேரவன் முன்னே தள்ளும் விசையாலேயே பிடிக்கும் பிரேக். அதற்கு ஒரு சின்னச் சோதனை உண்டு. ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்து, கப்ளரை (காரோடு மாட்டும் கொண்டியை) உள்ளே தள்ளுங்கள். கனத்து மெல்ல உள்ளே போய் அதே நிதானத்தில் வெளியே வர வேண்டும். தடையில்லாமல் ஓடினால் அந்த அசைவை மெதுவாக்கும் டாம்பர் செத்துவிட்டது. அப்படிப்பட்ட வண்டி பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பின்னாலிருந்து முட்டும். வான் ரீனன் கணவாயிலோ, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் டவுன் ஹில்லிலோ இறங்கும்போது அது ஆபத்து.

எடையில் பலர் தவறுகிறார்கள். வண்டியின் எடை குறித்த தகட்டில் வெற்று எடை 900, மொத்த எடை 1,150 என்றால் உங்களுக்குக் கிடைப்பது 250 கிலோ. 50 லிட்டர் தண்ணீரும் வெளிக்கூடாரமும் நிறைந்த 9 கிலோ சிலிண்டரும் அதில் 100 கிலோவைத் தாண்டிவிடும். அரிசி மூட்டை, பிரியாணி அண்டா, தூண்டில் எல்லாம் மிச்சத்துக்குள்தான். கப்ளரின் மேல் விழும் எடை மொத்தத்தில் 5 முதல் 7 சதவீதம் இருக்கட்டும், காரின் பின்னுள்ள இழுவைத் தண்டான டோ பாரின் அளவை மீறாமல். குளியலறைத் தராசின் மேல் கட்டை நிறுத்தி அளந்துவிடலாம். பின்பக்கம் பாரம் கூடினால் வண்டி பாம்பாக நெளியும். மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினால் ஓட்டுநர் உரிமம் இபி (EB) வகையாக இருக்க வேண்டும் என்பதையும் வாங்கும் முன்பே பாருங்கள்.

பின்விளக்கில் இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மினுக்கினால் எர்த் இணைப்பு துருப்பிடித்திருக்கிறது. ஏழு பின் பிளக்கைத் தேய்த்தாலே பெரும்பாலும் சரியாகும். உள்ளே மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்ப் எர்த் லீக்கேஜ் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழாவிட்டால் மின்சாரம் இணைக்க வேண்டாம். பேட்டரி ஓய்வில் 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 பாதி.

எரிவாயு, வீட்டு மின்சாரம், பேட்டரி மூன்றிலும் ஓடும் மூவழிக் குளிர்பெட்டியை, பார்க்கப் போவதற்கு ஐந்து மணி நேரம் முன்பே எரிவாயுவில் ஓடவிடச் சொல்லுங்கள். அம்மோனியா வாடை வந்தால் குளிர் அமைப்பு போயிற்று. சுடர் மஞ்சளாக இருந்தால் ஜெட்டில் கரி. ஊசியால் குத்தினால் துளை பெரிதாகும், ஸ்பிரிட்டில் ஊறப்போடுங்கள். எரிவாயுக் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றி, இணைப்புகளைச் சோப்பு நீரால் பாருங்கள். தரையோரக் காற்றுத் துளைகளை யாரும் அடைத்திருக்கக் கூடாது. கசியும் வாயு காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். தண்ணீர்த் தொட்டிக்கு 50 லிட்டருக்கு 70 மில்லி மணமற்ற 3.5 சதவீத ப்ளீச் கலந்து நான்கு மணி நேரம் விட்டு, இருமுறை கழுவுங்கள்.

வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்னும் ரோட்வொர்த்தி சான்றிதழைக் காட்டி "எல்லாம் சரியாக இருக்கிறது" என்பார் விற்பவர். அந்தச் சோதனை பிரேக், விளக்கு, டயர், கப்ளர் போன்றவற்றுக்குத்தான். ஈரத்தையும் குளிர்பெட்டியையும் அது பார்ப்பதில்லை. பதிவுக்கு அது 60 நாள் செல்லும், பெயர் மாற்றத்துக்கு உங்களுக்கு 21 நாள். சேஸிஸ் எண் பதிவுச் சான்றிதழோடு ஒத்திருக்கிறதா என்று நேரில் படித்துப் பாருங்கள். எரிவாயுவுக்குத் தனிச் சான்றிதழைப் பதிவுபெற்ற பணியாளரிடம் வாங்கிவிடுங்கள்.

முதல் பயணத்துக்கு டிராகன்ஸ்பெர்க் மலை ஏற்றம் வேண்டாம். சாளை மீன் வரும் ஜூன், ஜூலையில் கடலோர ஊரான ஸ்காட்பர்க் போய் வாருங்கள், டர்பனிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர்தான், 80 வேகம் போதும். போய்ச் சேர்ந்ததும் கையை ஹப்பின் பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள்: இரண்டும் ஒரே இளஞ்சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தொட முடியாமல் கொதித்தால் பிரேக் ஒட்டுகிறது, அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. சக்கர நட்டுகளை டார்க் ஸ்பேனரால் மறுபடி இறுக்கிவிட்டு, அதன் பிறகு கூரையைத் தூக்குங்கள்.