பினாங்கு இன்ஸ்டிட்யூட்: சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கும் உதவும்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், ஜார்ஜ்டவுன் பிரவுன் சாலையில் இருக்கும் பினாங்கு இன்ஸ்டிட்யூட் பற்றி நம்மவர்களில் பலருக்குத் தெரியாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 1997இல் செரி என்ற பெயரில் தொடங்கி 2011இல் பெயர் மாறிய மாநில ஆய்வு நிறுவனம். வேலை, வருமானம், வீடு, முதலீடு என்று பினாங்கின் பொருளாதாரத்தை அலசி அரசுக்கு யோசனை சொல்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, அறிக்கைகளை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஆள் எடுக்கிறார்கள், குறைக்கிறார்கள் என்று சாப்பாட்டுக் கடையில் பேசுவதையெல்லாம் காலாண்டுப் புள்ளிவிவரத் தொகுப்பை வைத்து ஒத்துப் பார்க்கலாம். குறைந்தபட்ச சம்பளத்தை நிர்ணயிப்பது கூட்டரசு, அதாவது மத்திய அரசு. 2025 பிப்ரவரியில் அது 1,700 ரிங்கிட் ஆனது, சரி, ஆனால் வாடகை, மோட்டார் சைக்கிள் தவணை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்குக் கொடுப்பது எல்லாம் போக அதில் என்ன மிஞ்சும்? அதனால்தான் நிலம், மலிவு விலை வீடு என்று மாநிலத்தின் கையில் இருக்கும் விஷயங்களைப் பற்றிய ஆய்வுகள் நமக்கு முக்கியம்.

மாநில அரசு அமைத்த நிறுவனம் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள். அப்புறம், இவர்களுடைய பினாங்கு மந்த்லி இதழ் ஆங்கிலத்தில்தான் வருகிறது. முக்கியமான அறிக்கைகளுக்குத் தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் போட்டால் பிறை வட்டாரத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்க்கிறவர்களும் படிப்பார்கள், கட்டாயம் செய்ய வேண்டும். புதிதாகப் பார்க்கிறவர்கள் பெரிய அறிக்கையில் கை வைக்காமல் சின்னக் கட்டுரைகளில் ஆரம்பியுங்கள்.